நெட்டை யோஸின் கவசம்

லாம்பர்டைக்,
14 மார்ச் 1949

அன்புள்ள லீவனுக்கு,

உன் சித்தப்பா சிரீல் எழுதுவது. நான் சுகம், என் புறாக்கள் என்னைவிடச் சுகம். கிரிம்ஸ்பியில் நீயும் டோரீனும் குட்டிப் பயலும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று புனித ஜார்ஜியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒன்று என்றா எழுதினேன்? மூன்று.

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல உன் அம்மா எல்வீரா முட்டை கொடுக்கும் சாக்கில் என் பீர்க்கடைக்கு வந்தாள். பீப்பாய்களுக்குப் பின்னால் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். ஜூன் மாதம் கனடாவுக்குக் கப்பல் ஏறுகிறீர்கள் என்ற இடம் வந்ததும் அவள் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கித் தானே படித்தாள். நான் ஜோடித்துச் சொல்கிறேனோ என்று சந்தேகமாம். இந்த ஒரு விஷயம் என் ஜோடிப்பாகவே இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கும் தோன்றியது. பிள்ளையின் படத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனாள். முட்டையைக் கொடுக்க மறந்துவிட்டாள்.

அப்பா தன் கையால் ஒரே ஒரு வரி எழுதினால் கப்பலுக்கு முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை வந்து போகிறேன் என்கிறாய். கேட்டது நியாயம். ஆனால் என் அண்ணன் மெடார்ட் கணக்குக்காரர் என்பது உனக்குத் தெரியும். ஜெர்மானியர் வந்தபோது பாலத்தைக் காக்க நிறுத்தியது ஆறு பேரை, நின்றது ஐந்து பேர், அங்கேயே விழுந்தது மூன்று பேர், மீன்படகில் ஏறி இங்கிலாந்து போனது ஒருவன், அந்த ஒருவன் என் மகன். ஒன்பது வருஷமாக அந்தக் கணக்கை அவர் கூட்டவும் இல்லை கழிக்கவும் இல்லை. விழுந்த மூவரில் ஒருவன் ரொட்டிக்கடை அலோயிஸின் மகனாக இருந்து தொலைத்தானே, தினம் காலையில் அவன் முகத்தில் விழித்துத்தானே உன் அப்பா ரொட்டி வாங்க வேண்டியிருக்கிறது.

அது கிடக்கட்டும். ஊரைக் கலக்கிய ஒரு சேதி சொல்கிறேன் கேள்.

பிரஸ்ஸல்ஸில் உள்ள ஓர் அருங்காட்சியகத்திலிருந்து டாக்டரம்மா ஒருவர் வந்திருந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வாள், ஈட்டி, கவசம், முற்றுகை, பீரங்கி என்று சண்டையை மட்டுமே படித்துப் பட்டம் வாங்கியவர். பெயர் ஹெர்மினா. காலில் வண்டிக்காரன் பூட்ஸ், ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஓர் அளவுகோல். சண்டையைப் படிக்கவும் பள்ளிக்கூடம் உண்டென்று யாராவது அன்றே சொல்லியிருந்தால் நான் நாலாம் வகுப்போடு நின்றிருப்பேனா? இன்றைக்கு எனக்கும் நாலு அளவுகோல் இருந்திருக்கும்.

நம் நெட்டை யோஸின் கவசத்தைக் கண்காட்சிக்கு இரவல் கேட்டு வந்தார். என் கடைக்கு மேலேதான் குறுக்குவில் சங்கத்தின் மண்டபம், சாவியும் என்னிடம், எனவே மாடிக்கு அழைத்துப் போய்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நம் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டனான நெட்டை யோஸ், ஆலைக்கரைச் சண்டையில் தன்னந்தனியாக நின்று நாற்பது பேரைத் தடுத்தான். எதிரி யார் என்பது கேட்கிறவரைப் பொறுத்தது. பிரெஞ்சுக்காரர் பீர் வாங்கித் தந்தால் எதிரி ஸ்பானியர், ஹாலந்துக்காரர் வாங்கித் தந்தால் எதிரி பிரெஞ்சுக்காரர். டாக்டரம்மா நம் நாட்டுக்காரர் என்பதால் மூன்று படைகளையும் ஒன்றாக இறக்கினேன். எதிரித் தளபதி பத்தடி தூரத்தில் நின்று நெஞ்சைப் பார்த்துச் சுட்டான். மார்க்கவசத்தில் குழி விழுந்ததே தவிர யோஸ் அசையவில்லை. "கிச்சுகிச்சு மூட்டுன மாதிரி கூசுச்சுடா, இன்னொரு தடவ சுடு" என்றான்.

"நாப்பது இல்லடா, பதினாலு. அப்பா சொன்னது பதினாலு" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. உன் அப்பாதான், வேறு யார். சங்கத் தலைவர் என்ற முறையில் வந்து நின்றிருந்தார். அவருக்கு இந்த உலகத்தில் இரண்டே வேலைகள். ஒன்று கூரைகளுக்குத் துத்தநாகத் தகடு அடிப்பது. இன்னொன்று என் எண்களைத் திருத்துவது.

டாக்டரம்மா அந்தக் குழிக்குள் விரலை விட்டுத் தடவினார். குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை, பழைய சிநேகிதனைச் சந்தையில் பார்த்தவர் சிரிப்பது போல.

"குண்டு பட்டது நிஜந்தாங்க. ஆனா பட்டப்போ உள்ள ஆள் இல்ல."

"ஆள் இல்லாம?" என்றேன்.

"செஞ்ச கொல்லனே பட்டறைக் கம்பத்துல மாட்டிவெச்சுச் சுட்டுக் காட்டுவான். குழி விழுந்தா சரி, ஓட்டை விழுந்தா வேண்டாம். சட்டி வாங்கினாலே தட்டிப் பாத்துத்தான வாங்குறோம்? உசுர நம்பி வாங்குறது, சுட்டுப் பாக்காம வாங்குவாங்களா? அந்தக் காலத்துல குழி இல்லாத கவசத்த எவனும் தொடமாட்டான்."

உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பட்டாளத்துக்குப் போகிற நம்மூர்ப் பிள்ளைகள் எல்லோரும் கட்டைவிரல் வைத்து வேண்டிக்கொண்டு போகிற குழி அது. போன சண்டைக்கு முந்தின சண்டையில் அவர் வைத்தார், நான் வைத்தேன். உன் விரலை அவரே பிடித்து வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? இருக்கும்.

"அப்போ எங்க ஊர்ப் பசங்க இத்தன காலமா எதுலம்மா விரல் வெச்சானுங்க?" என்று கேட்டார்.

"கடைக்காரனோட உத்தரவாதத்துலங்கய்யா" என்றார் அந்த அம்மா, வெகு மரியாதையாக.

நிரூபிக்காமல் கவசம் இந்தப் படியை விட்டு இறங்காது என்று சொல்லிவிட்டு உன் அப்பா இறங்கிப் போய்விட்டார். எனக்கோ வண்டு ஒன்று காதுக்குள் புகுந்தது போலாகிவிட்டது. யோஸ் கம்பமா, ஆளா? கம்பம் கூசியது என்று சொன்னால் எவன் பீர் வாங்கித் தருவான்? ஒரே வழிதான் இருக்கிறது, நாமே ஒரு தகடு அடித்துச் சுட்டுப் பார்த்துவிடுவது என்றேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் வாழ்நாளில் சந்தித்த ஆராய்ச்சியாளர்களிலேயே நான்தான் சிறந்தவன் என்று கண்ணாலேயே சொன்னார்.

பிள்ளைக்கு என் முத்தம். வாயில் விரல் போட்டால் தட்டிவிடாதே, நானும் போட்டவன்தான், எப்படி வளர்ந்து நிற்கிறேன் பார்.

உன் பிரியமுள்ள சித்தப்பா,
சிரீல்

*

லாம்பர்டைக்,
4 ஏப்ரல் 1949

அன்பான லீவனுக்கு,

சித்தப்பாவின் ஆசீர்வாதம். சுட்டுவிட்டோம்.

கொல்லனிடம் சொல்லி இரண்டு தகடுகள் அடித்து வாங்கினேன். மார்க்கவசத்தின் கனத்தில் ஒன்று, முதுகுத் தகட்டின் கனத்தில் ஒன்று. மார்புக்குத் தடிமன், முதுகுக்கு மெல்லிசு, அப்படித்தான் செய்வார்களாம். எல்லாவற்றையும் தடிமனாகச் செய்தால் வீரன் குதிரை ஏற முடியாது, ஏறினால் குதிரை எழ முடியாது. டாக்டரம்மா பழைய மாதிரியில் செய்த நீளக் கைத்துப்பாக்கியும் ஈயக் குண்டும் மருந்தும் கொண்டுவந்திருந்தார். தடுக்க வந்த போலீஸ்காரரை முதல் வரிசையில் உட்கார வைத்து ஒரு பீர் கொடுத்தேன், சட்டப்படி எல்லாம் சரியாகிவிட்டது.

கடைக்குப் பின்னால் புறாக்கூண்டுகளைத் துணியால் மூடிவிட்டுக் கம்பம் நட்டோம். முதல் குண்டை நான்தான் சுடுவேன் என்று அடம் பிடித்தேன். முதல் உலகப் போரை நடத்தியவனுக்கு அந்த உரிமை இல்லையா? சமையல் கூடாரத்தில் இருந்து நடத்தினேன் என்பது வேறு விஷயம், பசித்த பட்டாளம் எங்கே ஜெயித்திருக்கிறது. குறி பார்த்துச் சுட்டேன். கம்பம் நின்றது, தகடு நின்றது, பக்கத்தில் இருந்த என் பீப்பாய் மட்டும் பீய்ச்ச ஆரம்பித்தது. ஊரே கோப்பையோடு ஓடி வந்தது. உன் அப்பா ஓரமாக நின்று, "எதிரி சாகலேன்னாலும் தாகம் தீந்துச்சு" என்றார். அவர் வேடிக்கை பேசி எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா?

இரண்டாவது குண்டு டாக்டரம்மா சுட்டது. டங் என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். புகை கலைந்ததும் போய்ப் பார்த்தோம். தடித்த தகட்டில் குழி, சுற்றிலும் மெலிசாக ஒரு வளையம். யோஸின் குழியை அச்செடுத்த மாதிரி இருந்தது. எல்லோரும் வரிசையாகக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்கள். அலோயிஸும் வைத்தான். உன் அப்பா கடைசியாக வந்து வைத்து, எடுத்து, மாடிக்குப் போய்ப் பழையதில் வைத்து, மறுபடி இறங்கி வந்து புதியதில் வைத்தார். "சரிதான்" என்றார். தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொள்வதில் அவரைப் போல ஒரு மனிதனைக் காட்டு பார்ப்போம், தகடு விஷயமாக இருக்கும்வரை.

மெல்லிய தகட்டில் சுட்டதும் குண்டு, ரொட்டியின் மேலோட்டைத் துளைத்த மாதிரி போய்விட்டது.

"முதுகுக்கு இம்புட்டுத்தானா காவல்?" என்று போலீஸ்காரர் கேட்டார். "எதிரி முன்னாலதான வருவான்" என்றேன் நான், சண்டை சாஸ்திரம் தெரிந்தவன் என்ற முறையில்.

"எப்பவுமா?" என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. "ஆமா, உங்க யோஸோட முதுகுத் தகட்ட நான் இன்னும் பாக்கவே இல்லியே."

நாங்களும் பார்த்ததில்லை, லீவன். யோசித்துப் பார், நீயாவது பார்த்திருக்கிறாயா? வருஷம் முழுக்க அது சுவரைப் பார்த்துத் தொங்குகிறது. ஜார்ஜியார் விழா அன்று உன் அப்பா போட்டுக்கொண்டு நடக்கும்போது தலைவரின் சிவப்பு மேலங்கி முதுகை மூடிவிடுகிறது. விழாவுக்கு முன்னால் நானும் எனக்கு முன்னால் சாவி வைத்திருந்தவர்களும் அடுப்புக்குப் பூசுகிற கருப்பை எடுத்து முதுகுத் தகட்டில் கண்ணை மூடிக்கொண்டு அப்பியிருக்கிறோம், குழி இருக்கிற முன்பக்கத்தை மட்டும் மினுக்கிவிட்டு. நூற்றைம்பது வருஷத்துக் கருப்பு. டாக்டரம்மா டர்ப்பன்டைனில் துணியை நனைத்துத் துடைக்கத் துடைக்க அது பாலாடை மாதிரி உரிந்து வந்தது.

இடது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டுத் தகடு. சுற்றிலும் ஆணி அடித்து இறுக்கியிருந்தது. உள்பக்கத்தில் கிழிந்து தொங்கிய தோலைத் தூக்கி டார்ச்சு அடித்துக் காட்டினார். ஒட்டுக்கு அடியில் ஓட்டை, விளிம்பெல்லாம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. அன்று காலையில் என் கண்ணெதிரில் மெல்லிய தகட்டில் விழுந்த அதே ஓட்டை.

பீப்பாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"யோஸ் ஓடினான்னு சொல்றீங்களாம்மா?" உன் அப்பாதான் கேட்டார்.

"முதுகுல பட்டிருக்குன்னு சொல்றேன். ஓடினாரா, திரும்பி நின்னு யாரையாச்சும் கூப்பிட்டாரான்னு தகடு சொல்லாதுங்க."

"செத்தானா?"

டாக்டரம்மா உன் அப்பாவின் கையைப் பிடித்து உள்பக்கம் தடவ வைத்தார். "ஆணித் தலை ஏதாச்சும் கையில தட்டுதா பாருங்க. வழவழன்னு ராவி விட்டிருக்காங்க. செத்தவனுக்கு முதுகு உறுத்தாதுங்கய்யா. இன்னொண்ணு. தோத்த சண்டையில விழுந்தவன் கவசம் அவன் வீட்டுக்கு வராது, உருவிக்கிட்டுப் போறது ஜெயிச்சவன். இது உங்க வீட்டுல இருக்குன்னா, உசுரோட இருந்தவன் யாரோ போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கணும். அது உங்க யோஸாத்தான் இருக்கணும்னு நான் எழுதித் தரமாட்டேன். ஆனா கேட்டா, அப்படித்தான்னு சொல்லுவேன்."

உன் அப்பா கையை எடுக்கவே இல்லை. வெகுநேரம் அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு முதுகுத் தகட்டை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சங்கத்துச் சொத்து என்று யாரும் தடுக்கவில்லை. நான் பின்னாலேயே போய், "நானூறு வருஷமா ஏமாந்திருக்கோம் அண்ணே" என்றேன். முந்நூறு வருஷம்தான். வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். அவர் திருத்தவில்லை.

அதனால்தான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

டோரீனிடம் சொல், ஒரு நல்ல செய்தி வரும் என்று. என்ன செய்தி என்று கேட்டால் சித்தப்பாவுக்குத் தெரியும் என்று சொல்லிவை. நான் எப்படியாவது தெரிந்துகொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
சித்தப்பா சிரீல்

*

லாம்பர்டைக்,
12 ஏப்ரல் 1949

அன்புள்ள லீவனுக்கு,

புனித வாரம் என்பதால் கடையில் கூட்டம் இல்லை, எழுத நேரம் இருக்கிறது. ஆனால் எழுத விஷயம் கொஞ்சம்தான். முழுக்க உண்மை என்பதால் சின்னதாக இருக்கிறது.

விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தெருவில் பிள்ளைகள் ஒருத்தன் முதுகில் ஒருத்தன் கல் விட்டு "ஓடு யோஸ்" என்று விளையாடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன், உன் அப்பா காதில் விழட்டும் என்றே, "அந்தக் குடும்பத்துக்கு ஓட்டம் ரத்தத்துலயே இருக்குப்பா" என்றான். அவன் பெயரை எழுதமாட்டேன், இனிமேல் அவனுக்கு நுரை மட்டும்தான்.

உன் அப்பா நிமிரவில்லை. அடுத்த மேஜையில் இருந்த அலோயிஸ்தான் கோப்பையைக் கீழே வைத்தான். அந்த மனிதனுக்குப் பேச உரிமை இருக்கிறதே, அவன் வாயை நான் எப்படி மூட முடியும்?

"யோஸ் நின்னிருந்தா இங்க மெடார்ட் இல்ல" என்றான். "என் பையனும் ஓடியிருந்தா…"

ரொட்டி வெந்திருக்கும் என்று எழுந்து போனான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எந்த ரொட்டி வேகும்?

முதுகுத் தகடு உங்கள் வீட்டுச் சமையலறை மேஜையில் கிடக்கிறதாம். உன் அப்பா அதை நகர்த்த விடுவதில்லையாம். சூப்புக் கிண்ணத்தை ஒரு பக்கம், உருளைக்கிழங்கை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சாப்பிடுகிறாராம். நேற்று மோர்க்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே, "பையனுக்கு எத்தன மாசம்?" என்று கேட்டாராம்.

எல்வீரா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். இத்தனை வருஷமாகப் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒளிந்து வாசித்ததெல்லாம் அந்த மனிதருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது! தன் வீட்டுக் கோழிகள் அவ்வளவு முட்டை போடாது என்று எண்ணிப் பார்த்திருப்பார்.

"மூணு" என்றாளாம் இவள்.

"ஜனவரி கடைசியில பொறந்தா இன்னும் மூணு முடியல" என்றாராம் அவர்.

அவ்வளவுதான் பேச்சு. மறுபடி கஞ்சி. ஆனால் லீவன், எண் திருத்த ஆரம்பித்துவிட்டார். நான் அதைக் கேட்டதும் கடையில் இருந்த இரண்டு பேருக்கும் இலவசமாக ஒரு சுற்று ஊற்றினேன்.

போன கோடையில் தெற்குப் பிரான்சில் பறக்கவிட்ட என் சாம்பல் புறா, செத்துப்போனது என்று கணக்கில் அடித்துவிட்டேனே, அது நேற்று வந்து சேர்ந்தது. வால் இல்லை. எங்கே சுற்றினாய் என்று கேட்டு அதற்கு என்ன ஆகப்போகிறது? சணல் விதை வைத்தேன். தின்றது.

அன்புடன்,
சிரீல்

*

லாம்பர்டைக்,
26 ஏப்ரல் 1949

என் அருமை லீவனுக்கு,

உட்கார்ந்து படி. பிள்ளையை டோரீனிடம் கொடுத்துவிட்டுப் படி.

ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜியார் ஊர்வலம். அதற்கு முதல் நாள் சனிக்கிழமை காலையில் நான் உன் அப்பாவிடம் போனேன். வாரம் முழுக்க உறக்கமில்லாமல் ஒரு கதை தயார் செய்திருந்தேன், அருமையான கதை. நெட்டை யோஸ் பயந்து ஓடவில்லை, எதிரி வருகிறான் என்று ஊரை எழுப்பிவிடத்தான் ஓடினான், ஓடுகிற வழியில் ஒரு விதவையையும் இரண்டு பசுக்களையும் காப்பாற்றினான், முதுகில் குண்டோடு கோயில் மணியை அடித்தான். இதைச் சொன்னால் ஊர் வாய் மூடும் என்றேன். கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"டேய் சிரீல், ஜோடிக்காத. ஓடினான். வீட்டுக்கு வந்தான். அது போதும்டா."

ஐம்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரிந்த வாய் அது. அதிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று நான்கூட ஜோடித்திருக்கமாட்டேன்.

மறுநாள் திருப்பலி முடிந்து சங்கம் வாசலில் வரிசையில் நின்றது. குறுக்குவில்காரர்கள், கொடி, மேளம், எல்லாம் வழக்கப்படி. நான் சிவப்பு மேலங்கியைத் தட்டிவிட்டு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன். உன் அப்பா கவசம் மாட்டி நின்றார். முன்னால் மார்த் தகடு, பின்னால் முதுகுத் தகடு, தோளில் வார் இறுக்கியிருந்தது. நான் மேலங்கியைப் போர்த்தக் கையைத் தூக்கினேன். "வேண்டாம்" என்றார்.

"மழ வரும்போல இருக்கு அண்ணே."

"வரட்டும்."

திரும்பி நடக்க ஆரம்பித்தார். அப்போதுதான் முதுகைப் பார்த்தேன். அந்த ஒட்டுத் தகட்டை மணலும் எண்ணெயும் போட்டு அவரே தேய்த்திருக்கிறார். கருப்பு முதுகில் அது மட்டும் சாமி பாத்திரம் மாதிரி பளபளத்தது. கண் தெரியாதவனுக்குக்கூடத் தெரியும். மார்பில் இருந்த குழியை அவர் மினுக்கவே இல்லை.

மூவாயிரம் பேர் தெருவில் நின்றார்கள், லீவன். மூவாயிரம்! பக்கத்து ஊர்க்காரர்கள்கூட யோஸின் முதுகைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள், சிரிக்க வந்தவர்களும் உண்டு. கடற்கரையிலிருந்து மழை இறங்கி வாளி வாளியாகக் கொட்டியது. மேளக்காரன் மேளத்துக்குக் குடை பிடித்தான். உன் அப்பா ஆலைக்கரை முனையிலிருந்து கால்வாய் வரை ஊர் நெடுகிலும் நடந்தார். வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை, கூரை மேல் நடக்கிறவர் நடப்பாரே, அப்படி. கடந்து போனபிறகு முதுகு தெரியும், முதுகு தெரிந்ததும் சத்தம் அடங்கும். ஒரு பயல் "ஓடு யோஸ்" என்று ஆரம்பித்தான், அவன் அம்மா காதைத் திருகிவிட்டாள்.

ரொட்டிக்கடை வாசலில் அலோயிஸ் மாவுக் கையோடு நின்றிருந்தான். உன் அப்பா அவனுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டார். ஊர்வலமும் நின்றது. அவனுக்குத் தன் முதுகு நன்றாகத் தெரியும்படி கொஞ்சம் திரும்பி நின்றார். அடிப்பதென்றால் அடி என்று சொல்வது போல எனக்குப் பட்டது. அலோயிஸ் வந்து, அந்த ஒட்டின் மேல் தன் கட்டைவிரலை வைத்தான். மாவு ஒட்டிக்கொண்டது. மழையில் கரைந்தது. பிறகு மேளக்காரனைப் பார்த்து, "அடிடா, ஏன் நிக்கிற" என்றான்.

டாக்டரம்மாவும் வந்திருந்தார். அளவுகோலை வெளியே எடுக்கவே இல்லை. கவசத்தைக் கண்காட்சிக்குக் கேட்டார், உன் அப்பா சரி என்றார், முதுகு தெரிகிற மாதிரிதான் நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆனால் ஜூலைக்குப் பிறகுதான் தருவாராம். ஏன் ஜூலை என்று அந்த அம்மா கேட்டதற்கு, "அதுக்கு முன்னாடி ஒரு வேல இருக்கு" என்றார்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வரி கேட்டாய். நான் காகிதமும் பேனாவும் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். எல்வீரா மையை நிரப்பிக்கொடுத்தாள். அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தகரம் வெட்டப் போக வேண்டும் என்று எழுந்துவிட்டார். திட்டாதே. அந்தக் கைக்குச் சொல் வராது, தகடுதான் வரும். அவர் எழுதவேண்டியதை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் பார்க்க நடந்துவிட்டார். நீ என்னைவிட அதிகம் படித்தவன், படித்துக்கொள்.

நான் சொல்வதை நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும். எவன் நம்பினான்? அதனால் இந்தக் கடிதத்தை உறை ஒட்டாமல் உன் அப்பாவிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். பொய் இருந்தால் அவர் கிழித்துப் போடட்டும். கிழிந்துவிட்டால் உன் கைக்கு வராது. வந்துவிட்டால், புரிந்துகொள்.

மே மாதக் கடைசியில் கடல் அமைதியாக இருக்கும், பிள்ளைக்கு வாந்தி வராது. ஒஸ்டெண்ட் துறைமுகத்தில் இறங்கினால் காலை பத்து மணிக்கு நம்மூருக்கு வண்டி இருக்கிறது. நான் புறாக்களோடு ஸ்டேஷனில் நிற்பேன். உன் அம்மா இப்போதே தொட்டிலுக்கு இறகு சேர்க்கிறாள். கனடா எங்கே ஓடிப்போகிறது? அது நூறு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது. பிள்ளைக்கு இப்போதுதான் மூன்று மாதம் ஆகிறது. கட்டைவிரல் ஒரு பட்டாணி அளவு இருக்குமா? கொண்டுவந்து காட்டு.

ஜார்ஜியார் உன் முன்பக்கத்தைக் காக்கட்டும். முதுகை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உன் வருகையை எதிர்பார்க்கும்,
சித்தப்பா சிரீல்

(கீழே, தகட்டில் கோடு போடும் தடித்த பென்சிலில்:)

மூவாயிரம் பேர் இல்லை, முந்நூறு. மழை தூறல்தான். வண்டி பத்துக்கு இல்லை, ஒன்பது நாற்பதுக்கு. மற்றதெல்லாம் சரி.

அப்பா